ஓரமாய் நிற்கவா வந்தாய்?

கட்டிலை ஒட்டி ஒரு மாணவி நிற்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

அதற்கும் பின்னால், சுவரில் முதுகைச் சாய்த்து, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது யார்?

நீதானே!

சார் சொல்வதை எழுதுகிறாய். தலையை ஆட்டுகிறாய். போஸ்டிங் முடிந்ததும் லாக் புக்கில் கையெழுத்து வாங்குகிறாய். பஸ் ஏறுகிறாய்.

இன்று எத்தனை நோயாளிகளைத் தொட்டாய்? பதில் சொல்!

தசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதற்கு ஓடுகிறது, எல்லாம் மனப்பாடம். ஆனால் விழுந்துபோன ஒரு கையை அடியில் தாங்கிப் பிடித்தால் அது எவ்வளவு கனக்கும்? உன் கைக்குத் தெரியாது.

பிசியோதெரபி கையால் செய்கிற தொழில். கை கற்காத பாடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?

கோபம் வருகிறதா? வரட்டும். அந்தக் கோபத்தோடு மேலே படி.

“பயமா இருக்கு சார்.”

இதுதானே உன் முதல் பதில்? நல்லது! பயமே இல்லாத கை நோயாளிக்கு ஆபத்து.

பக்கவாதம் வந்தவரை எழுப்பி உட்காரவைக்கிறாய். வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் என்ன ஆகும்? தளர்ந்து கிடக்கும் தோள்மூட்டு இன்னும் கீழே நழுவும். பிறகு அந்தத் தோள் வலி மாதக்கணக்கில் அவரைத் தூங்க விடாது. அதற்குப் பயப்படு!

ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் சுடுகிறது. “கொஞ்சம் நீவி விடு கண்ணு” என்கிறார் தாத்தா. நீவலாமா? கூடவே கூடாது! உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பயப்படு!

முதுகுவலி என்று வந்தவர், “ஒண்ணுக்கு வரவே மாட்டேங்குது, அடியில மரத்துப்போச்சு” என்கிறார். எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிற நேரமா அது? ஓடு! டாக்டரைக் கூட்டிக்கொண்டு வா!

இந்தப் பயங்களெல்லாம் உன் படிப்பின் பகுதி. வைத்துக்கொள்.

ஆனால் உன் பயம் இதுவா? இல்லையே!

சார் எல்லார் முன்னாலும் திட்டிவிடுவாரோ? பக்கத்தில் நிற்பவள் சிரிப்பாளோ? கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் போகுமோ? இதுதானே உன் பயம்! இதில் நோயாளி எங்கே இருக்கிறார்?

தூக்கிப் போடு அதை!

திட்டினால் திட்டட்டும். திட்டு வாங்கிக் கற்ற பிடி கையை விட்டுப் போகாது. அப்படியே கற்றவர்கள்தான் உனக்கு இன்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வை. துணிச்சல் வேறு, அவசரம் வேறு.

2015-ல் லான்செட் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஐந்து நாடுகள். 2,104 பக்கவாத நோயாளிகள். ஒரு பிரிவினரை 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அதிகமாக நடமாட வைத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சீக்கிரம் எழுப்பி அதிகம் நடமாட வைத்த பிரிவுதான் கொஞ்சம் பின்தங்கியிருந்தது!

யாரை எப்போது எழுப்புவது? எத்தனை நிமிடம் உட்காரவைப்பது? முகம் வெளுக்கிறதா, வியர்க்கிறதா, பிபி இறங்குகிறதா? இதையெல்லாம் உனக்கு யார் கற்றுத்தருவார்? நீ சாய்ந்து நிற்கும் சுவரா?

“எங்க காலேஜ்ல மெஷினே இல்ல சார்.”

ஓ! அடுத்த சாக்கு தயார்!

சரி, மெஷின் இருக்கும் இடத்தில் நீ என்ன செய்கிறாய்? பேடை ஒட்டி, கரண்ட் வைத்து, டைமரைத் திருப்பிவிட்டுச் செல்போனைப் பார்க்கிறாய். பத்து நிமிடம் மெஷின் வேலை செய்கிறது. நீ?

மெஷின் இல்லாத இடத்துக்கு வா. காணைக்கு வா!

விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். 688 ஊராட்சிகள். சராசரி போட்டால் ஒன்றியத்துக்கு 50-க்கு மேல். காணையும் அதில் ஒன்று. கெடார், அன்னியூர், மாம்பழப்பட்டு என்று நீளும் ஊர்கள். கரும்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை, நெல்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் வீடு தேடி வரவில்லை. இயன்முறை சிகிச்சையும் வந்தது. ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று கணக்கு.

ஒரு ஆள். ஐம்பது ஊராட்சி. கணக்குப் போட்டுப் பார்!

இந்த நாட்டுக்கு நீ தேவையில்லை என்று யார் சொன்னது?

அந்த பிசியோதெரபிஸ்ட் கூரை வீட்டுக்குள் நுழைகிறார். பக்கவாதம் வந்த ஆயா கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். பேரலல் பார் இருக்கிறதா? டில்ட் டேபிள் இருக்கிறதா? சஸ்பென்ஷன் இருக்கிறதா?

எதுவும் இல்லை. ஒரு பை, ஒரு பிபி கருவி, இரண்டு கை. அவ்வளவுதான்.

உன்னை அங்கே தனியாக விட்டால் என்ன செய்வாய்?

முதல் வேலை, அந்தக் கயிற்றுக் கட்டிலைப் பார்! நடுவில் தொய்ந்து கிடக்கிறது. அதில் கிடந்தால் இடுப்பு பள்ளத்தில் இறங்கும். புரண்டு படுக்கப் பிடிப்பு கிடைக்காது. இடுப்பைத் தூக்கும் பயிற்சி அதில் நடக்குமா? நடக்காது. திண்ணைக்குக் கொண்டு வா! பாயை விரி. கெட்டியான தரை, காலை ஊன்ற இடம், பிடித்துக்கொள்ளத் தூண். திண்ணையின் உயரம் போதுமா என்று பார். போதாவிட்டால் தலையணையைப் போட்டு உயர்த்து. எழுந்து நிற்பது எளிதாகும்.

இந்த அறிவு எந்த மெஷினில் இருந்து வந்தது? கண்ணிலிருந்து வந்தது!

இனி கை.

2009-ல் அமெரிக்க, கனடா மறுவாழ்வு மையங்களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். பக்கவாத நோயாளி ஒரு சிகிச்சை வேளையில் வராத கையால் உருப்படியான வேலையை எத்தனை தடவை செய்கிறார்? சராசரி 32!

விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளில் மூளை தன்னை மாற்றிக்கொண்டது எப்போது? ஒரே அசைவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை செய்தபோது.

முப்பத்திரண்டு எங்கே! நூற்றுக்கணக்கு எங்கே!

அத்தனை வசதி உள்ள மையத்திலேயே எட்டாத எண்ணிக்கை. காணையில் எட்ட முடியுமா?

முடியும்! ஆயா முன்னால் ஒரு முறம் மல்லாட்டையை வை!

விரல் லேசாக அசையத் தொடங்கிவிட்டதா? ஒவ்வொரு மல்லாட்டையாக எடுக்கட்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கட்டும். நசுக்கட்டும். பருப்பை ஒரு பக்கம், தோலை ஒரு பக்கம் போடட்டும். எடுக்க, பிடிக்க, அழுத்த, விட. ஒரு மல்லாட்டைக்கு நாலு அசைவு. ஒரு முறம் முடிந்தால் எத்தனை? எண்ணிப் பார்!

உரிக்கும் பலம் இன்னும் வரவில்லையா? எடுத்துச் சொம்பில் போடட்டும். அதுவும் வரவில்லையா? துணியை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளட்டும். அசைவே இல்லையா? நல்ல கையால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கட்டும். தோளை நீ தாங்கு.

படியைத் தாழ்த்திக்கொண்டே போ. எங்கே அவரால் முடிகிறதோ அங்கே நில். அங்கிருந்து ஏற்று! நோயாளிக்கு ஏற்ற படியைத் தேடத் தெரிந்தால்தான் நீ பிசியோதெரபிஸ்ட்.

அறுபது வருஷமாக மல்லாட்டை உரித்த கை அது. ரப்பர் பந்தைக் கொடுத்தால், “எதுக்குடா இது, சின்னப் பிள்ளையாட்டம்?” என்று கேட்கும். மல்லாட்டையைக் கொடுத்தால் கேட்குமா? கேட்காது. தானாகத் தேடிப் போகும்!

இதை நீ லாக் புக்கில் எழுதியிருக்கிறாயா? எழுது. எத்தனை எடுத்தார், எவ்வளவு நேரம், எங்கே களைத்தார் என்று எழுது. அடுத்த வாரம் போய் அதே முறத்தை வைத்து ஒப்பிடு. அளக்காத முன்னேற்றத்தை நோயாளியும் நம்ப மாட்டார், டாக்டரும் நம்ப மாட்டார்.

“எனக்கு இங்கிலீஷ் வராது சார். கேஸ் பிரசன்ட் பண்ணும்போது நாக்கு ஒட்டிக்குது.”

ஒட்டிக்கொள்ளட்டும்! அது பழகினால் போகும். ஆறு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பேசு. போய்விடும்.

ஆனால் உன்னிடம் இருப்பதைப் பார்க்க மாட்டேன் என்கிறாயே! “இடுப்புல இருந்து கரண்ட் அடிச்ச மாதிரி கால் வரைக்கும் இழுக்குது” என்று பாட்டி சொன்னவுடன் நரம்புப் பக்கம் உன் கவனம் போக வேண்டாமா? “காலையில எழுந்தா கடுக்குது, கொஞ்ச நேரம் நடந்தா விட்டுடுது” என்றால் மூட்டுப் பக்கம் போக வேண்டாமா? நீ பிறந்த மண்ணின் பேச்சு இது. வெளியூரிலிருந்து வந்த பெரிய ஸ்பெஷலிஸ்ட் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் புரிந்துகொள்வார். உனக்குக் காதில் விழுந்தவுடன் புரிகிறது!

அப்புறம் ஏன் நோயாளி பேசும்போது நீ குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாய்? நிமிர்! அவர் முகத்தைப் பார்!

இன்னொரு சாக்கு இருக்கிறது. அதை நீ வெளியே சொல்வதில்லை. உள்ளே வைத்துப் புழுங்குகிறாய்.

“எனக்கு எம்பிபிஎஸ் கிடைக்கல. அதான் இது.”

இதோ, மாம்பழப்பட்டு வழியாகக் காட்பாடிக்கு ரயில் போகிறதே, அந்தத் தடத்தில் ஏறினால் வேலூர். அங்கே மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு எம்பிபிஎஸ் கிடைத்தது! கிடைத்த பிறகு என்ன நடந்தது தெரியுமா?

1954-ல் கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. இளம் டாக்டர், இனி எழுந்து நிற்கவே முடியாது.

நீயாக இருந்தால் எத்தனை வருஷம் அழுதிருப்பாய்?

அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! பால் பிராண்ட் என்ற சர்ஜன் அவரை அந்த வேலையில் இறக்கினார். பிறகு மேரி நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அந்தத் துறையை நடத்தினார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ.

இதில் உனக்கு இன்னொரு சேதியும் இருக்கிறது. அந்தத் தொழுநோயாளியின் கையில் சர்ஜன் ஒரு தசைநாணை இடம் மாற்றி வைக்கிறார். தையல் போட்டவுடன் விரல் நிமிர்ந்துவிடுமா? நிமிராது! இதுவரை ஒரு வேலை செய்த தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். விரல் விரலாக, நாள் நாளாக. அந்த வேலை கத்தியின் வேலை அல்ல. பிசியோதெரபிஸ்டின் வேலை!

சர்ஜன் பாதி வழி கொண்டுவந்து விட்ட கையை மீதி வழி கொண்டுபோகிறவரைக் ‘கிடைக்காததால் வந்தவர்’ என்றா சொல்வாய்? உன்னை நீயே அப்படிச் சொல்லிக்கொண்டால் ஊர் வேறு எப்படிச் சொல்லும்?

“வெறும் மசாஜ்தானே?” என்று ஊர் கேட்கும். கேட்கட்டும்.

ஆஸ்திரேலியாவில் எலிசபெத் கென்னி என்று ஒரு நர்ஸ். முறையான பட்டம் இல்லை. இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளின் கால்களைக் கட்டையில் வைத்துக் கட்டி, அசையாமல் போட்ட காலம் அது. இவர் வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியைச் சுற்றினார். காலை அசைத்தார். பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் பலவும் தவறுதான். ஆனால் அந்தக் கால்களை அசைத்தது சரி! உலகம் பிறகு அந்தப் பக்கம்தான் வந்தது.

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா கூடாதா என்று 2025-ல் டெல்லி வரைக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. உரிமைக்காகப் போராடுவது தப்பில்லை. ஆனால் அந்த விவாதத்தை மணிக்கணக்கில் செல்போனில் படித்த நீ, அன்று வார்டில் எத்தனை பேரை நிற்கவைத்தாய்? கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்.

இன்னொன்று. 2021-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கு என்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. 2025-ல் புதிய பாடத்திட்டம் வெளியானது. பிசியோதெரபி இனி ஐந்து வருடம். அதில் இன்டர்ன்ஷிப் மட்டும் ஒரு வருடம். இங்கே இதுவரை நாலரை வருடம். அதில் ஆறு மாதம்தான் இன்டர்ன்ஷிப்.

“ஐயோ, இன்னும் ஆறு மாசமா!” என்று முனகும் குரல் கேட்கிறது.

ஐயோவா? அள்ளிக்கொள்! தவறினால் பிடிக்க ஒரு சீனியர், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சார், பக்கத்திலேயே ஐசியூ. இத்தனை பாதுகாப்போடு கற்கும் காலம் உனக்கு இனி கிடைக்குமா? காணையில் ஒரு திண்ணையில் தனியாக உட்காரும்போது யாரிடம் கேட்பாய்?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டம். 2021 டிசம்பரில், இதோ பக்கத்தில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கினார்கள்.

நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. உயிர் பிழைத்தார். சரி, நாற்பத்தொன்பதாவது மணி நேரத்தில்?

முதுகுத்தண்டு அடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும். நெஞ்சில் சளி கட்டினால் மூச்சு திணறும். கணுக்கால் இறுகிப்போனால் பிறகு செருப்பு கூட மாட்ட முடியாது. அவர் மனைவிக்குப் புரட்டக் கற்றுக்கொடுப்பது யார்? அவருக்கு இருமக் கற்றுக்கொடுப்பது யார்?

யார் என்று கேட்டேன்!

தோல்வி வரும். அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன லாபம்?

மூன்று மாதம் நீ உழைப்பாய். அந்தக் கை வராது. சில கைகள் வரவே வராது. நேற்று வரை உன் தோளைப் பிடித்து நடந்த தாத்தாவின் கட்டில் இன்று காலியாக இருக்கும். அரியர் விழும். வைவாவில் முழி பிதுங்கும். ஒரு நோயாளி, “அந்தப் பொண்ணு வேணாம், பெரிய சாரைக் கூப்பிடு” என்பார்.

அழு. அரை மணி நேரம் போதும். எழு!

கை வரவில்லையா? ஒற்றைக் கையால் சட்டை போடக் கற்றுக்கொடு. வராத கையை முதலில் நுழைக்கச் சொல், கழற்றும்போது கடைசியில் எடுக்கச் சொல். பாதம் தூக்கவில்லையா? கணுக்காலுக்குப் பட்டை போட்டு நடக்கவை. நடையே இல்லையா? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொடு. தானாகக் கழிவறைக்குப் போக முடிந்த ஒருவருக்கு எவ்வளவு மானம் திரும்பி வருகிறது என்று உனக்குத் தெரியுமா? வீட்டில் மருமகளிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் போய்க் கேட்டுப் பார்!

“பெரிய சாரைக் கூப்பிடு” என்றாரா? கூப்பிடு. பக்கத்தில் நின்று சார் எந்த இடத்தில் கை வைத்தார் என்று பார். அடுத்த நாள் நீ அங்கே வை.

திண்டிவனமோ, முண்டியம்பாக்கமோ, புதுச்சேரியோ, உனக்கு எங்கே போஸ்டிங் என்று எனக்குத் தெரியாது. நாளைக் காலை நீ செய்ய வேண்டியது மட்டும் தெரியும்.

அரை மணி நேரம் முன்னால் போ. கையைக் கழுவு. கேஸ் ஷீட்டை மற்றவர்கள் வருவதற்குள் படித்து முடி. சாரிடம் போய், “இந்த நோயாளியை நான் பார்க்கிறேன் சார், நீங்க பக்கத்துல நில்லுங்க” என்று சொல். வாய் உலர்ந்தாலும் சொல்!

பிபி பார். நாடி பார். பிறகு கட்டில் பக்கம் போய், அவர் கண்ணுக்கு நேராக முகம் வருகிற மாதிரி உட்கார்.

“ஐயா, எழுந்து நடந்தா மொதல்ல எங்க போகணும்?”

கொல்லைக்கா, கழனிக்கா, டீக்கடைக்கா? பேத்தி பள்ளிக்கூடத்துக்கா? அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டின் முதல் வரியில் எழுது. அங்கே போக எத்தனை படி, எவ்வளவு தூரம், நடுவில் உட்கார இடம் உண்டா என்று கேள்.

கேட்டாயா? நோட்டை மூடு. ஒரு கையை அவர் தோள்பட்டைக்குப் பின்னால் கொடு. இன்னொரு கை முழங்காலுக்கு அடியில்.

“மூணு சொன்னதும் எழுந்து உட்காரலாம்யா. ஒண்ணு…”